ஆள் பற்றாக்குறைக்குக் கருப்பையிடம் கணக்குக் கேட்காதீர்கள்

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் தூரத்து உறவில் மாமா முறையாகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். பனியன் கம்பெனி வைத்திருப்பவர். பரிமாறியவர்களில் பாதிப் பேர் சமையல்காரர் கூட்டிவந்திருந்த ஒடிசாப் பையன்கள். சாம்பார் வாளியோடு வந்த பையனுக்குக் கையைக் காட்டிவிட்டு மாமா என் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா அம்மிணி, சாம்பார் ஊத்தறதுக்குக்கூட நம்மாளு இல்லீங்க. நம்ம பொண்ணுக ஒண்ணோட நிறுத்திக்கிட்டாங்க. ஆளுக்கு மூணு பெத்திருந்தா இவனுக எதுக்கு வரப்போறானுங்க?”

பந்தியில் சண்டை போடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

இது அந்த மாமா ஒருவரின் பேச்சு என்றால் விட்டுவிடலாம். காதர்பேட்டைக் கடைகளிலும், பேருந்திலும், தொழிலதிபர்கள் பேசும் மேடைகளிலும், படித்தவர்களின் கட்டுரைகளிலும் இதே வாக்கியம் வேறு வேறு உடுப்பில் வருகிறது. தமிழ்ப் பெண்கள் பெறுவதைக் குறைத்தார்கள், அதனால் இங்கே இடம் காலியானது, வடக்கே பெண்கள் பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் அங்கே ஆள் வழிந்து இங்கே வந்து நிரம்புகிறது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது மாதிரி. கேட்க எவ்வளவு எளிமை! இரண்டு பக்கமும் குற்றவாளி பெண்தான் என்பதையும் கவனியுங்கள். இவள் குறைத்தாள், அவள் கூட்டினாள். கம்பெனி, கூலி, நிலம், அரசு எதற்கும் இந்தக் கதையில் வேலையே இல்லை.

எண்களை எடுத்துப் பார்ப்போம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். பீகாரில் 3.0, உத்தரப் பிரதேசத்தில் 2.4, ஜார்க்கண்டில் 2.3. இதுவரை மாமாவின் கதை சரியாகத்தான் போகிறது. அடுத்த வரியைப் பாருங்கள். ஒடிசாவில் 1.8. நம்முடைய அதே எண். மேற்கு வங்கத்தில் 1.6. நம்மைவிடக் குறைவு. அசாமில் 1.9. திருப்பூரின் தையல் மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்களில், சாயப்பட்டறைகளில் நிற்பவர்களில், பெருமாநல்லூர் சாலையோர விடுதிகளில் அடைந்து கிடக்கும் பெண்களில் இந்த மூன்று மாநிலத்தவர் எத்தனை பேர் என்று திருப்பூரில் இருக்கும் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. மாமாவுக்குச் சாம்பார் ஊற்றவந்த பையனின் மாநிலத்துப் பெண்கள் நம்மைவிட அதிகம் பெறவில்லை. பிறகு அவன் எதற்கு வந்தான்?

கேரளத்தைப் பாருங்கள். 1980களின் இறுதியிலேயே அங்கே பிறப்பு விகிதம் ஈடுசெய்யும் அளவுக்கு, அதாவது ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வளைகுடாவுக்குப் போகிறவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதே நேரம் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் கேரளத்துக்குள் வந்தார்கள். ஒரே ஊரிலிருந்து ஆள் வெளியேறுவதும் அதே ஊருக்கு ஆள் வருவதும் ஒரே காலத்தில் நடந்தது. மேடு பள்ளக் கணக்கில் இது எங்கே பொருந்தும்?

எல்லைக்கு அப்பால் வங்கதேசம். 1970களில் அங்கே ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகளுக்கு மேல். இன்று இரண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒரு தலைமுறையில் இவ்வளவு குறைத்த ஏழை நாடுகள் உலகத்தில் அதிகம் இல்லை. இன்று அங்கே ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்வோரில் பெரும்பகுதி பெண்கள். குழந்தை குறைந்தது, தொழிற்சாலை வந்தது, ஆனாலும் அந்நாட்டு மக்கள் கள்ளத்தனமாக எல்லை தாண்டுவது நிற்கவில்லை. 2025 தொடக்கத்தில் பல்லடம் வட்டாரத்தில் ஆவணமில்லாத வங்கதேசத்தவர் பலரைக் காவல்துறை கைது செய்தபோது, பேப்பரில் படம் போட்டுப் பரபரப்பாக எழுதினார்கள். அவர்களை வேலைக்கு வைத்தவர்கள் யார், என்ன கூலி கொடுத்தார்கள் என்ற கேள்வியை நான் படித்த எந்தச் செய்தியும் கேட்கவில்லை. புகார் கொடுக்க முடியாதவர்தான் மிக மலிவான தொழிலாளி. கைதுச் செய்தி வந்தால் அடுத்த வாரம் வங்கமொழி பேசுகிற எல்லோருடைய ஆதார் அட்டையையும் லைன் வீட்டு உரிமையாளர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மால்டாவிலிருந்து வந்த இந்தியக் குடிமகளும் அந்த வரிசையில் நிற்கவேண்டும்.

டாக்காவிலும் திருப்பூரிலும் தைப்பது பெரும்பாலும் ஒரே பிராண்டுகளுக்குத்தான். 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அங்கே ஒரு நெருக்கடி என்றால் இங்கே ஆர்டர் வருமா என்று பார்ப்பது இந்த ஊரின் வழக்கம். இரண்டு ஊர்ப் பெண்களின் கூலியையும் ஒன்றோடு ஒன்று மோதவிட்டுத்தான் ஒரு டி-சர்ட்டின் விலை முடிவாகிறது. இதில் யார் எத்தனை பெற்றாள் என்பது எங்கே வருகிறது?

பிறப்பு எண்ணிக்கைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர்தான் இன்று இருபது வயதுக்காரர். பீகாரில் இளையவர்கள் அதிகம், இங்கே முதியவர்கள் கூடிவருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கை ஒருவரை ரயிலேற்றுவதில்லை. கையளவு நிலம், அதுவும் இல்லாத வீடு, ஊரில் கிடைக்கும் கூலிக்கும் இங்கே கிடைக்கும் கூலிக்கும் உள்ள தூரம், முன்பணம் கொடுத்துக் கூட்டிவரும் கான்டிராக்டர், ஏற்கெனவே இங்கே இருக்கும் அண்ணன், இவைதான் அவரைத் தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் ஏற்றுகின்றன.

சரி, இங்கே உண்மையில் யார் இல்லாமல் போனார்கள்?

பத்தாண்டுகளுக்கு மேல் செக்கிங் மேசையில் நின்றவள் நான். என் அம்மா அதற்கு முன் கைமடித்தவர். அப்போதெல்லாம் ஆள் பற்றாக்குறை என்ற பேச்சு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஊர் எப்போதும் ஆள் தேடிக்கொண்டே இருந்த ஊர்தான். சுற்றுக் கிராமங்கள் போதாமல் மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் என்று போனார்கள். நூற்பாலைகள் அந்த ஊர்களின் பதின்வயதுப் பெண்களைத் தேடிப் போய் “சுமங்கலித் திட்டம்” என்று ஒரு பெயரும் வைத்தன. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவார்கள், கல்யாணத்துக்கு ஆகும். அதாவது அவள் கூலியைப் பிடித்து வைத்து, வரதட்சிணையாகத் திருப்பிக் கொடுப்பது. வாரத்துக்கு ஒருமுறை காவலோடு கடைக்குப் போகலாம். மூன்று வருடம் முடியும் முன் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்த மொத்தத் தொகை என்ன ஆகும் என்பது மில்லின் மனசைப் பொறுத்தது. 2011க்குப் பிறகு வெளிநாட்டு அமைப்புகள் அறிக்கை போட்டு, ஐரோப்பியக் கடைக்காரர்கள் கேள்வி கேட்டபின் அந்தப் பெயரை உச்சரிப்பதை நிறுத்தினார்கள்.

அந்தப் பெண்கள் ஊருக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள்? தங்கைகளை அனுப்பாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். தங்கைகள் பிளஸ் டூ முடித்தார்கள், கல்லூரிக்குப் போனார்கள், ஜவுளிக்கடையிலோ மருந்துக்கடையிலோ செல்போன் கம்பெனியிலோ வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் பிறக்காமல் போகவில்லை. பிறந்து, வளர்ந்து, உங்கள் விடுதியை வேண்டாம் என்றவர்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். வேலைக்கு வராத பெண்களின் மாநிலமா இது?

அவர்கள் விட்டுப்போன படுக்கையில் இப்போது ஒடிசாப் பெண்கள் படுத்திருக்கிறார்கள். அரசின் திறன் பயிற்சித் திட்டம் வழியாக, பத்தொன்பது இருபது வயதில், தையல் சான்றிதழோடு வருகிறார்கள். சுமங்கலித் திட்டத்தின் பெயர்ப்பலகை போனது, விடுதியின் பூட்டு அப்படியே இருக்கிறது.

உள்ளூர்ப் பெண்களிலும் பாதியில் நின்றவர்கள் உண்டு. எப்போது நின்றார்கள் என்று பார்த்தால் மாமாவின் வாதம் தலைகீழாகும். குழந்தை பெற்றபோது நின்றார்கள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் அதற்கு ஓர் அறை இருந்தது. சுவரில் யானையும் முயலும் வரைந்திருந்தார்கள். உள்ளே அட்டைப்பெட்டிகள். பையர் தரப்பிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முந்தின நாள் ராத்திரி பெட்டிகள் கிளம்பும், ஒரு தொட்டில் வரும், பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு குழந்தைகளைக்கூடக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. வீட்டில் பாட்டியிடம் விட்டுவிட்டு, அந்த அறையைத் தாண்டித்தான் தினமும் கழிப்பறைக்குப் போவேன். எட்டரைக்கு நுழைந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி ஒன்பது மணி. பீஸ் ரேட்டில், கான்டிராக்டர் பெயரில் வேலை செய்பவளுக்கு இஎஸ்ஐ கிடையாது, ஆகவே பிரசவ விடுப்பும் கிடையாது. இந்த ஊர் இரண்டாவது குழந்தைக்கு இடம் கொடுத்ததா, மூன்றாவதைக் கேட்க?

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. ஒரு தொழிலாளியை உருவாக்க எத்தனை வருடம் ஆகிறது? பதினெட்டு வருடம். பால் கொடுத்து, காய்ச்சலுக்கு விழித்திருந்து, சோறாக்கி, துணி துவைத்து, பள்ளிக்கு அனுப்பி. இந்த வேலையைச் செய்தவர் கயாவிலோ மதுபனியிலோ இருக்கும் ஒரு தாய். அந்தச் செலவில் ஒரு பைசா திருப்பூர் கொடுக்கவில்லை. வளர்ந்த ஆளாக, உழைக்கத் தயாராக, ரயிலிலிருந்து இறங்குகிறான். கையில் ஊசி ஏறினால், நுரையீரலில் பஞ்சு ஏறினால் அதே தாயிடம், அல்லது மனைவியிடம் திரும்பப் போகிறான். 2020 ஊரடங்கில் இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வேலை நின்ற உடனே இந்த ஊர் அவர்களைச் சோறு போட்டு வைத்துக்கொள்ளவில்லை, ரயில் விடு என்று அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. ‘மலிவான வடக்கத்தி ஆள்’ என்கிறோமே, மலிவு எங்கிருந்து வருகிறது? ஒரு பெண்ணின் சம்பளமில்லாத இருபது வருட வேலையிலிருந்து. முன்பு தேனிப் பெண்களின் தாய்மார்களிடமிருந்து எடுத்ததைத்தான் இப்போது மதுபனித் தாய்மார்களிடமிருந்து எடுக்கிறார்கள். அவர்களும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள் என்பதை மாமாவிடம் யாராவது சொன்னால் நல்லது.

அரசியல்வாதிகளும் இந்தப் பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதிகக் குழந்தை பெறுங்கள் என்றார். அடுத்த மாதமே, இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்றிருந்த விதியை அம்மாநிலச் சட்டமன்றம் நீக்கியது. அதே அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண விழாவில் அப்போது நம் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், தொகுதிகள் குறையும் நிலையில் பதினாறு பெற்றால் என்ன என்ற பொருளில் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். தொகுதி மறுவரையறையில் தென்மாநிலங்களுக்கு அநீதி நடக்கும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதை எதிர்க்கும் எந்த ஊர்வலத்திலும் நான் நடப்பேன். ஆனால் நாடாளுமன்ற இடத்தை டெல்லியிடம் வாதாடி வாங்குங்கள், மணமேடையில் நிற்கும் பெண்ணிடம் கேட்காதீர்கள்.

ஏனென்றால் அந்தக் குறைந்த எண்ணுக்கு விலை கொடுத்தவள் அவளுடைய அம்மா. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை என்றே பொருள். அதே ஐந்தாவது குடும்பநல ஆய்வில் 57.8 சதவீதப் பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் கருத்தடை 0.1 சதவீதம். “நாம் இருவர் நமக்கு இருவர்” என்று லாரியின் பின்னால் எழுதினார்கள், ஆனால் இருவரில் ஒருவர்தான் மேசையில் படுத்தார். அன்று நாட்டுக்காக மூடு என்றீர்கள், இன்று நாட்டுக்காகத் திற என்கிறீர்கள். மத்திய அரசின் மகப்பேறு சட்டம் 2017 திருத்தத்துக்குப் பிறகும் முதல் இரண்டு குழந்தைகளுக்குத்தான் 26 வாரம், மூன்றாவதற்கு 12 வாரம்தான் கொடுத்தது. பேச்சுக்கு முன் சட்டத்தையாவது படித்திருக்கலாம்.

பெரியார் பெயரைச் சொல்லாமல் இவர்கள் எந்த மேடையிலும் ஏறுவதில்லை. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடை பற்றி அவர் எழுதியது இவர்களுக்குத் தெரியாததல்ல. மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் அதைக் கேட்கிறார்கள், தான் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று பிரித்துச் சொன்னவர் அவர். ஜனத்தொகை கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்ற கேள்வியையே அவர் ஒதுக்கித் தள்ளினார். ஒரு நூற்றாண்டு நெருங்குகிற காலத்தில் நாம் மறுபடி ஜனத்தொகையில் வந்து நிற்கிறோம்.

எண்களாக ஆக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தமிழர்களுக்கு நினைவிருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த நம் ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். தேயிலை வந்தபின் கொழுந்து பறிக்கப் பெண்களும் வேண்டியிருந்தது. 1948இல் சுதந்திர இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். சரக்கைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்து, அங்கேயே பெற்று வளர்த்த பெண்கள் நீலகிரிக்கு வந்து இறங்கியபோது ‘சிலோன்காரி’ ஆனார்கள். அங்கேயும் அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டது இதுதான்: பெருகிவிட்டார்கள்.

நான் சொன்ன கல்யாணத்தில் மணப்பெண் பாலக்காட்டுக்காரி. கொங்கு மாப்பிள்ளைகளுக்கு இங்கே பெண் கிடைக்காமல் கேரளத்துக்குப் போவது இப்போது சகஜம். ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுவரை உள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான். 1992லேயே அங்கே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. நிலம் பிரியக்கூடாது, சீர் கொடுத்து மாளாது என்று ஒன்றோடு நிறுத்திய வீடுகள், அந்த ஒன்று ஆணாக இருக்கவேண்டும் என்று ஸ்கேன் மையத்துக்கும் போயின. நான் பிறந்த சாதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தத் தீர்மானங்களைப் பெண்கள் தனியாக எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்று எல்லை தாண்டி வருகிற மருமகள் ‘நம்ம வீட்டுப் பொண்ணு’, எல்லை தாண்டி வருகிற தையல்காரர் ‘வடக்கன்’. மாமாவின் ஒரே மகள் டெக்சாஸில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு அத்தை ஆறு மாத விசாவில் போய்க் குழந்தை வளர்த்துவிட்டு வந்தார். அமெரிக்காவில் பெண்கள் சரியாகப் பெறாததால்தான் நம் பெண் அங்கே போனாள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் திறமையால் போனாள்.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டையோடு கூட்டம் நின்றது. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. வீடியோ பொய்தான். ஆனால் அதை நம்பவைத்த பயம் பொய்யல்ல. ‘இவனுக பெருகிட்டே போறானுக’ என்ற பேச்சை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். தமிழ் தெரியாவிட்டாலும் முகம் தெரியும்.

எங்கள் லைனில் மூன்றாவது வீட்டில் பீகாரிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். வயது இருபத்தாறு. கணவன் நிட்டிங்கில், அவள் பிசிர் வெட்டுகிறாள். இரண்டு குழந்தைகள், பெரியவனை ஊரில் மாமியாரிடம் விட்டிருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பாதி இந்தியும் பாதி தமிழுமாகக் கேட்டாள்.

“அக்கா, இங்க ஆபரேசன் பண்ணுவாங்களா? ஊர்ல மாமியார் விடாது.”

பண்ணுவார்கள் என்றேன். அரசு மருத்துவமனைக்குப் போகிற பஸ் எது, என்ன என்ன எடுத்துப் போகவேண்டும் என்று சொன்னேன். ஆதார் பீகார் முகவரியில் இருந்தால் பரவாயில்லையா என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்புறம் விரலை மடக்கி எதையோ எண்ணினாள். எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது, அந்த வாரச் சம்பளம் போய்விடுமா, போனால் வாடகைக்கு என்ன செய்வது.